பொன்மேசையில் உப்புக்கீரை

‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்பது நம் நாட்டுப் பழமொழி. சோற்றுக்குச் சுவை தருவது உப்பு. அதனைத் தனியே விலை கொடுத்து வாங்கிச் சேர்ப்பதே உலக வழக்கு. ஆனால், தன் இலையிலேயே உப்பைச் சுமந்துகொண்டு, ‘எனக்கு வேறு உப்பு வேண்டா’ என்று நிற்கும் செடி ஒன்று உண்டு. வேறு பயிர் எதுவும் தலைகாட்டாத உவர் நிலத்திலும் பாலை வெளியிலும் அது வளர்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, உண்ண வேறொன்றும் இல்லாத மக்கள் அதன் இலையைக் கிள்ளி வேகவைத்து உண்டார்கள். ஒரு காலத்தில் அதே இலை ஒரு மன்னனின் பொன்மேசைக்கும் ஏறியது. அந்தச் செடியின் வரலாற்றைத்தான் இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இதில் கேட்கவேண்டிய வினாக்கள் மூன்று. அது என்ன செடி? அதனை உண்டவர் யாவர்? அவர்கள் உண்டார்கள் என்பதை நாம் எவ்வாறு அறிகிறோம்? வரலாறு பயிலும் மாணவர்களுக்கு மூன்றாவது வினாவே முதன்மையானது என்பது என் கருத்து. அவ்வாறு நான் எண்ணுவதற்குக் காரணமான ஒரு சிறு நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுகிறேன்.

நான் கல்லூரியில் பயின்றுகொண்டிருந்தபோது ஒருநாள் தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்களைக் காண நண்பர்களுடன் சென்றிருந்தேன். வெயில் தாழ்ந்த நேரம். பாத்திகளுக்கு அப்பால், சேறும் உப்பும் கலந்த தரையில் ஓர் அம்மையார் குனிந்து எதையோ கிள்ளிக் கொண்டிருந்தார். அருகிற்சென்று பார்த்தேன். தடித்த சிறிய இலைகளையுடைய உமரிச் செடி. “இதை என்ன செய்வீர்கள், அம்மா?” என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து எங்கள் வெள்ளைச் சட்டைகளைப் பார்த்தார். முந்தானையால் மடியை மூடிக்கொண்டார். “ஆட்டுக்குத் தம்பி” என்றார். நானும் அதனை நம்பிக் குறிப்பேட்டில் ‘ஆட்டுத் தீவனம்’ என்று எழுதிக்கொண்டேன். உமரிக்கீரையைக் கடற்கரை மக்கள் வேகவைத்து உண்பதுண்டு என்று பின்னரே அறிந்தேன். அன்று அவர் ஏன் அவ்வாறு விடை கூறினார் என்பது எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின. அந்த விளக்கத்தைத் தந்தவை நான் இப்போது சொல்லப்போகும் பாலைச் செடியும் அதனைப் பற்றிய பழைய ஏடுகளுமே.

முதலில் செடியைப் பார்ப்போம். தாவர நூலார் இதற்கு அட்ரிப்ளெக்ஸ் ஹாலிமஸ் என்று பெயர் வழங்குவர். 1753ஆம் ஆண்டு வெளிவந்த தம் பெருநூலில் லின்னேயஸ் இட்ட பெயர் அது. நாம் எளிமையாக உப்புச்செடி என்றே கூறலாம். நம் முளைக்கீரையும் கீரைத்தண்டும் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தனவோ அந்தக் குடும்பமே இதற்கும். நம் உமரியும் அக்குடும்பத்ததே. ஆள் உயரத்திற்கும் அதற்கு மேலும் புதராக வளரும். இலைகள் பச்சையாக இரா. வெள்ளியைப் பொடிசெய்து தூவியது போன்ற சாம்பல் நிறமாக இருக்கும். ஸ்பெயின் நாட்டிலிருந்து வட ஆப்பிரிக்கா வழியாக மேற்காசியா வரையில் மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளின் உவர் நிலமெங்கும் இதனைக் காணலாம். யோர்தான் ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் சாக்கடலின் ஓரத்திலும் இது மிகுதி.

சாக்கடலைப் பற்றி நீங்கள் புவியியலில் படித்திருப்பீர்கள். அதன் கரை கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 430 மீட்டர் கீழே உள்ளது. அதன் நீர் பெருங்கடல் நீரைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு உப்புடையது. எருசலேம் நகரம் அங்கிருந்து 25 கிலோமீட்டர் தொலைவிலேதான் இருக்கிறது. ஆனால், மலைமேல் அமைந்த அந்நகரில் ஆண்டுக்கு 500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. கீழே சாக்கடற்கரையிலோ 100 மில்லிமீட்டர் பெய்வதும் அரிது. ஒரு பகற்பொழுதில் நடந்து கடக்கக்கூடிய தொலைவில் விளைநிலமும் பாலையும் அடுத்தடுத்து இருக்கின்றன. மேலே வாழ வழியற்றவன் கீழே இறங்கினால் அவனை எதிர்கொள்ளும் செடிகளுள் ஒன்று இந்த உப்புச்செடி.

உவர் நிலத்தில் இது எவ்வாறு பிழைக்கிறது? உப்பு நீரைத் தன்பால் இழுக்கும் இயல்புடையது. ஆதலின் மண்ணில் உப்பு மிகும்போது, வேரைச் சுற்றி நீர் இருந்தும் சாதாரணச் செடியால் அதனைப் பருக இயலாது. கடல் நடுவே தாகத்தால் சாகும் மாலுமியின் நிலையே அதன் நிலை. உப்புச்செடி அந்தப் பகையையே துணையாக்கிக் கொள்கிறது. உப்பைத் தன்னுள் ஏற்றுக்கொண்டு, உயிரணுக்களின் உள்ளறைகளில் அடைத்து வைத்து, அதன் வலிமையாலேயே மண்ணிலுள்ள நீரை இழுக்கிறது. மிஞ்சிய உப்பை இலையின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய குமிழ்களுக்குள் தள்ளிவிடுகிறது. அக்குமிழ்கள் உலர்ந்து உடையும்போது உப்பு வெண்பொடியாக இலைமேல் படிகிறது. வெயிலின் கடுமையைத் திருப்பியனுப்பும் கவசமாகவும் அப்பொடி உதவுகிறது. இலையின் வெள்ளி நிறத்திற்கு இதுவே காரணம்.

இனி, இதனை உண்டவர்களைப் பற்றிய சான்றுகளை நோக்குவோம்.

முதற்சான்று விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில் உள்ள யோபு நூல். அது கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்கும் 4ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்பது அறிஞர் பலர் கொள்கை. செல்வம், மக்கள், உடல்நலம் ஆகிய அனைத்தையும் இழந்த யோபு, தன்னை இப்போது எள்ளி நகையாடுவோரைப் பற்றி 30ஆம் அதிகாரத்தில் பேசுகிறான். அவர்கள் எத்தகையோர்? ஊரிலிருந்து துரத்தப்பட்டவர்கள், பஞ்சத்தால் மெலிந்து வறண்ட நிலத்தில் திரிபவர்கள், புதரோரத்தில் ‘மல்லுவாஹ்’ என்னும் செடியைப் பறிப்பவர்கள். எபிரேய மொழியில் ‘மெலஹ்’ என்றால் உப்பு. அச்சொல்லிலிருந்து பிறந்த ‘மல்லுவாஹ்’ என்பது உப்புக்கீரை. கி.மு. 2ஆம் நூற்றாண்டளவில் இந்நூலைக் கிரேக்கத்தில் பெயர்த்தோர் இதனை ‘ஹாலிமா’ என்றனர். கிரேக்கத்தில் ‘ஹால்ஸ்’ என்பதும் உப்பே. ஆகவே பண்டையோர் இச்செடியை ஐயமின்றி அறிந்திருந்தனர்.

ஆனால், பாலையைக் கண்டிராத பிற்காலத்தார் தடுமாறினர். 1611ஆம் ஆண்டு வெளிவந்த புகழ்பெற்ற ஆங்கில மொழிபெயர்ப்பில் இச்சொல் ‘மால்லோ’ என்று மாறிவிட்டது. மால்லோ என்பது நம் துத்தியின் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு கீரை. ஒலி ஒப்புமையே இங்கு மயக்கத்தைத் தந்தது போலும். 1885ஆம் ஆண்டுத் திருத்திய பதிப்பில்தான் உப்பு மீண்டும் அவ்விடத்திற்கு வந்து சேர்ந்தது. இது சொல்லாராய்ச்சி மட்டுமன்று. மால்லோவும் ஏழையின் கீரைதான். 1948ஆம் ஆண்டு எருசலேம் முற்றுகையிடப்பட்டபோது அந்நகர் யூத மக்கள் அதனைப் பறித்து உண்டே பசியாற்றினர். எனினும் அது மாரிக்காலத்தில் தழைத்து, கோடையில் காய்ந்துவிடும் செடி. உப்புச்செடியோ ஆண்டு முழுவதும் இலையுடன் நிற்பது. மழை பொய்த்து மற்றக் கீரையெல்லாம் மறைந்த பின்னும் எஞ்சியிருப்பது அதுவே. ஆகையால், சொல் மாறியபோது பஞ்சத்தின் கடுமையும் ஒரு படி குறைந்துவிட்டது எனலாம்.

அதே வரியில் இன்னொன்றும் வருகிறது. அம்மக்களுக்கு ‘ரோத்தெம்’ என்னும் புதரின் வேர் உணவாயிற்று என்பது அதன் வழக்கமான பொருள். ஆனால், ரோத்தெம் வேர் உண்ணத்தக்கதன்று. நெடுநேரம் கனன்று எரியும் கரிக்கே அது பெயர் பெற்றது. எனவே அறிஞர் சிலர், உயிரெழுத்துகளின்றி எழுதப்பட்ட அந்தப் பழைய சொல்லை ‘உணவு’ என்று படிக்காமல் ‘குளிர்காய’ என்று படிக்கின்றனர். அவ்வாறு கொண்டால் நம் கண்முன் ஓர் அடுப்பே தோன்றுகிறது: பறித்த கீரை ஒருபுறம், எரிக்கும் வேர் மறுபுறம். உப்பு மிகுந்த இலையைப் பச்சையாக மிகுதியும் உண்டால் தாகமே பெருகும். வேகவைத்து நீரை வடித்தால் உப்புக் குறையும். அதற்கு நெருப்பும் வேண்டும். பாலையில் பொன்னினும் அரிய நீரும் வேண்டும். பசியைத் தீர்க்கும் உணவே தாகத்தை வளர்ப்பதாக அமைவது எத்தகைய கொடுமை!

மாணவ நண்பர்களே, இங்கு நாம் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். யோபு நீதிமான், துன்புற்றவன், நம் இரக்கத்திற்கு உரியவன். அவனும் இம்மக்களைப் பற்றிப் பேசுகையில், இவர்களுடைய தந்தையரை என் ஆட்டு மந்தையைக் காக்கும் நாய்களோடு வைக்கவும் நான் எண்ணியிரேன் என்னும் கருத்துப்படவே பேசுகிறான். உப்புக்கீரையைப் பற்றிய இப்பழைய குறிப்பு இகழ்ச்சியாகவே நமக்குக் கிடைத்திருக்கிறது.

இரண்டாம் சான்று கிரேக்க நாட்டது. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்திபானெஸ் என்னும் நகைச்சுவை நாடகாசிரியர், புலால் மறுத்த பிதாகோரஸ் நெறியினரை மேடையில் கேலி செய்தார். அவர்கள் எங்கோ ஒரு பள்ளத்தில் அமர்ந்து ஹாலிமோன் இலையை மென்றுகொண்டிருப்பதாகக் காட்டினார். இச்செய்தி அதினேயஸ் என்பவர் தொகுத்த நூலால் நமக்கு எஞ்சியுள்ளது. அவையோர் சிரித்திருப்பர். சிரிப்புக்குக் காரணம், அது போக்கற்றவரின் தீனி என்பதை அனைவரும் அறிந்திருந்தமையே. இப்பெயரோடு ஒரு சொல் மயக்கமும் ஒட்டிக்கொண்டது. கிரேக்கத்தில் ‘லிமோஸ்’ என்றால் பசி. முன்னே எதிர்மறை சேர்த்து ‘அலிமோஸ்’ என்றால் பசியின்மை. கிரீட் தீவில் அலிமோஸ் என்றொரு பூண்டு உண்டு, அதனைக் கடித்தால் ஒருநாள் பசி தீரும் என்று சொலினஸ் என்னும் ரோம எழுத்தாளர் எழுதிவைத்தார். உப்பைக் குறித்த பெயரும் பசி நீக்கத்தைக் குறித்த பெயரும் ஓரெழுத்து மூச்சொலியளவே வேறுபட்டு நின்றன.

மூன்றாம் சான்று மருத்துவருடையது. கி.பி. முதல் நூற்றாண்டில் மருந்துப் பொருள்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய தியோஸ்கோரிதெஸ், ஹாலிமோன் வேலிக்குப் பயன்படும் செடி, முள்ளற்றது, இலை ஒலிவ இலையைப் போன்று சற்று அகன்றது, அந்த இலையைக் கீரையாக வேகவைத்து உண்பர் என்று குறிக்கிறார். இவருடைய எழுத்தில் இகழ்ச்சியுமில்லை, சிரிப்புமில்லை. ஆனால், உண்டவர் யாவர் என்பதும் இல்லை.

நான்காம் சான்றே நம் தலைப்பிற்கு உரியது. பாபிலோனிய தல்மூத் என்பது யூதர்களின் சட்டமும் மரபும் அடங்கிய பெருந்தொகுப்பு, ஏறத்தாழ கி.பி. 6ஆம் நூற்றாண்டில் நிறைவு பெற்றது. அதில் கித்துஷின் என்னும் பகுதியில் ஒரு பழங்கதை வருகிறது. சுற்றியுள்ள உரைநடையைப் போலன்றி, விவிலியக் காலத்துப் பழைய வினைநடையில் அது அமைந்திருக்கிறது. ஆதலின் அது தொகுப்பினும் மிக மூத்தது என்று ஆராய்ச்சியாளர் கருதுவர்.

யன்னாய் என்னும் மன்னன் கோஹலித் என்ற பாலைப் பகுதிக்குப் படையெடுத்துச் சென்று 60 ஊர்களை வென்றான். மகிழ்ச்சியோடு திரும்பியவன் அறிஞர் அனைவரையும் அழைத்தான். நம் முன்னோர் கோயில் கட்டியபோது உப்புக்கீரை தின்றார்கள். அவர்கள் நினைவாக நாமும் இன்று அதனை உண்போம் என்றான். உடனே பொன்மேசைகளின்மேல் உப்புக்கீரையைக் கொண்டுவந்து வைத்தார்கள். அனைவரும் உண்டார்கள்.

முன்னோர் என்று அவன் குறித்தது யாரை? பாபிலோனியரால் நாடு கடத்தப்பட்ட யூதர், பாரசீகப் பேரரசன் சைரஸ் கி.மு. 538இல் அளித்த இசைவின்படி தாயகம் திரும்பினர். இடிந்து கிடந்த கோயிலை மீண்டும் எழுப்பி, கி.மு. 515இல் முடித்தனர். இடைப்பட்ட ஆண்டுகள் வறுமை மிக்கவை. கி.மு. 520இல் பேசிய ஆகாய் என்னும் இறைவாக்கினர், விதைத்தது மிகுதி, விளைந்தது சிறிது என்றும், வறட்சி நிலத்தையும் மக்களையும் வாட்டியது என்றும் அக்காலத்தைச் சித்திரிக்கிறார். அத்தகைய நாளில் கல் சுமந்தவர்கள் கீரை தின்றதாக ஒரு மரபு வழங்கியதில் வியப்பில்லை.

மன்னனின் எண்ணம் உயர்ந்ததே. வெற்றிக் களிப்பில் ஆட்டிறைச்சியும் மதுவும் பரப்பாமல், முன்னோர் பட்ட பாட்டை நாவால் அறிய முற்பட்டது பாராட்டுக்குரியது. ஆனால் அவ்விருந்து எவ்வாறு முடிந்தது? அறிஞர்களுடைய உள்ளம் உன்னோடு இல்லை என்று ஒருவன் மன்னனின் காதில் ஓதினான். தலைமைக் குருவின் பொற்பட்டத்தை நெற்றியில் அணிந்து அவர்களைச் சோதித்துப் பார் என்று தூண்டினான். மன்னன் அவ்வாறே செய்தான். முதியவர் ஒருவர் எழுந்து, உனக்கு அரசமுடி போதும், குருமுடியை ஆரோனின் வழியினர்க்கு விட்டுவிடு என்றார். மன்னனின் பிறப்பைப் பற்றிய பழைய வதந்தி ஒன்றும் கிளம்பியது. ஆராய்ந்தபோது அது மெய்ப்படவில்லை. அறிஞர்கள் மன்னனின் சினத்துக்கு ஆளாகி வெளியேறினர். பின்னர் அவர்கள் கொல்லப்பட்டனர் என்கிறது கதை. ஓர் ஏழைக் கீரையின் நினைவோடு தொடங்கிய விருந்து அறிஞரின் குருதியில் முடிந்தது.

இது நடந்ததுதானா என்று கேட்பது வரலாற்று மாணவரின் கடமை. கி.பி. 93ஆம் ஆண்டளவில் யூதர் வரலாற்றை எழுதிய யோசேபஸும் ஒரு விருந்தைப் பற்றிச் சொல்கிறார். அங்கும் குருமுடியை விட்டுவிடு என்ற சொல் எழுகிறது. தாயைப் பற்றிய வதந்தி எழுகிறது. மன்னன் பரிசேயர் என்னும் கட்சியினரை விட்டுப் பிரிகிறான். ஆனால் அவன் யன்னாய் அல்லன். அவனுடைய தந்தை யோவான் ஹிர்கானஸ், கி.மு. 134 முதல் 104 வரை ஆண்டவன். அலெக்சாந்தர் யன்னாய் ஆண்டது கி.மு. 103 முதல் 76 வரை. யன்னாய் தன்னை எதிர்த்தவர்களில் 800 பேரைச் சிலுவையில் அறைந்தான் என்று யோசேபஸே வேறோரிடத்தில் எழுதுகிறார். அக்கொடுமையின் நினைவால் தந்தையின் கதை மைந்தன்மேல் ஏறியிருக்கலாம் என்பர் ஒரு சாரார். எலெயாசர் என்ற பெயர்கூட ஓர் ஏட்டில் தூண்டியவனுக்கும் மற்றோர் ஏட்டில் கண்டித்தவனுக்கும் உரியதாக இருக்கிறது. இவ்வளவு ஒற்றுமை வேற்றுமைகளுக்கிடையே நாம் காணவேண்டிய சிறப்பு ஒன்று உண்டு: யோசேபஸின் விருந்தில் கீரை இல்லை. அரசியலை அறிந்த அவ்வரலாற்றாசிரியர் மன்னனையும் கட்சியையும் பதிவு செய்தார். உணவைப் பதிவு செய்யவில்லை. வாய்மொழி மரபே அதனைக் காத்துவைத்தது.

இப்போது நான்கு சான்றுகளையும் ஒருங்கே வைத்துப் பாருங்கள். ஒருவர் இகழ்ந்தார், ஒருவர் நகைத்தார், ஒருவர் மருந்துப் பட்டியலில் எழுதினார், ஒருவன் பொன்மேசையில் வைத்து நினைவுகூர்ந்தான். இவர்களுள் எவரும் பசிக்காக அக்கீரையைத் தின்றவர் அல்லர். தின்றவர்கள் ஒருவரியும் எழுதவில்லை. கல் சுமந்த கைகளுக்கு எழுதுகோல் கிடைக்கவில்லை. ஆகவே பசியின் வரலாறு பெரும்பாலும் பசித்தவரால் எழுதப்பட்டதன்று. வயிறு நிறைந்தவர் தம் போக்கில் சொல்லிச் சென்ற சொற்களின் இடுக்குகளில் அதனை நாம் தேடிப் பொறுக்கவேண்டியிருக்கிறது. யோபுவின் இகழ்ச்சி இல்லையேல் துரத்தப்பட்டவர்களை நாம் அறியோம். யன்னாயின் பெருமிதம் இல்லையேல் கோயில் கட்டியவர்களின் கலத்தில் இருந்ததை நாம் அறியோம்.

சொல்லால் எழுதாத சாட்சி ஒன்றும் இருக்கிறது. அது அக்கீரையை உண்டே வாழும் ஓர் உயிர். வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் உள்ள ஒருவகை மணல் எலிக்கு உப்புச்செடியே தலையாய உணவு. இலையை வாயிலிடுமுன் பல்லால் அதன் மேற்பரப்பைச் சுரண்டி உப்பைக் களைந்துவிடுகிறது. எஞ்சிய உப்பைச் சிறுநீரகத்தின் வலிமையால் வெளியேற்றிவிடுகிறது. எகிப்திலிருந்து கொண்டுவரப்பட்ட இவ்வெலிகளுக்கு ஆய்வுக்கூடத்தில் வழக்கமான தானியத் தீனியைக் கொடுத்தபோது எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது: அவை நீரிழிவு நோய்க்கு ஆளாயின. க்னுட் ஷ்மிட்-நீல்சன் என்னும் அறிஞரும் உடனாய்வாளரும் 1964ஆம் ஆண்டு இதனை வெளியிட்டனர். அன்றுமுதல் நீரிழிவு ஆராய்ச்சியில் அவ்வெலிக்குத் தனியிடம் உண்டு. நாம் சாதாரணம் என்று கருதும் தீனியே அதற்கு நஞ்சாகும் அளவுக்கு, அதன் உடல் வறிய உணவுக்குப் பழகியிருந்தது.

இவ்வெலி நமக்குச் சொல்வது யாது? உப்புக்கீரை நீரும் உப்பும் மிக்கது. உடலுக்கு வலிமை தரும் சத்தோ சிறிதளவே உடையது. மனிதனுக்கு எலியின் பற்களும் இல்லை, சிறுநீரகமும் இல்லை. வயிற்றை நிரப்பும், உடம்பை வளர்க்காது. ஆதலின் கோயில் கட்டியவர்கள் இக்கீரையை மட்டும் தின்று கல் சுமந்திருக்க இயலாது. கிடைத்த சிறிதளவு வாற்கோதுமை அப்பத்திற்கு இது துணையாக இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஏழை நாவின் சுவைக்கு உப்பும் அதிலேயே கிடைத்தது.

இன்று இச்செடியின் நிலை மாறி வருகிறது. வட ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் பாழ்பட்ட நிலத்தைப் பிடித்து நிறுத்தவும், வறட்சியில் ஆடுகளுக்குத் தீவனமாகவும் இதனை நடுகின்றனர். இதன் உறவுச் செடியான ஆஸ்திரேலிய உப்புப்புதர் அந்நாட்டுப் பழங்குடியினருக்கு விதை மாவு தந்தது. இப்போது அதன் இலை அங்குள்ள உயர்தர உணவகங்களின் தட்டுகளில் இடம்பெறுகிறது. உலக உணவு வேளாண்மை அமைப்பு 2024ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் ஏறத்தாழ 138 கோடி எக்டேர் நிலம் உவரால் தாக்குண்டுள்ளது. அது மொத்த நிலப்பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் மேல். இந்நிலையில் உப்பைப் பகையாகக் கொள்ளாத செடிகளை அறிவியலார் நாடுவது இயல்பே. கீரை மீண்டும் பொன்மேசைக்கு ஏறுகிறது. ஏறட்டும்; மகிழ்வோம். ஆனால் மேசையை மட்டும் கண்டு, கீழே குனிந்து பறித்தவரை மறந்துவிடுதல் கூடாது. யன்னாய் மன்னன் முன்னோரின் கீரையை நினைத்தான். அதே விருந்தில், தன் முகத்துக்கு நேரே உண்மை சொன்னவரைப் பொறுக்கும் பணிவை நினைக்கவில்லை. நாவுக்கு எட்டிய நினைவு நெஞ்சுக்கு எட்டவில்லை.

தூத்துக்குடி உப்பளத்து அம்மையாரிடம் நான் மீண்டும் வருகிறேன். நம் சிறுபாணாற்றுப்படையில், வறுமையுற்ற கிணைமகள் ஒருத்தி வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி வந்து, உப்பின்றி வேகவைத்து, பிறர் காணாதபடி வாயிலை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்ணும் காட்சி வருகிறது. அவள் வீட்டில் உப்பு இல்லை. உப்பளத்து அம்மையாரின் கீரையிலோ உப்பு மிகுதி. ஆனால் அடைத்த கதவும் மூடிய முந்தானையும் ஒன்றே. ‘ஆட்டுக்குத் தம்பி’ என்பது பொய்யன்று, தன்மானம். அன்று நான் கேட்ட கேள்வி வயிறு நிறைந்தவனின் கேள்வி. அதற்குத் தக்க விடையே எனக்குக் கிடைத்தது. அந்த விடையை நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டதுபோலவே, எத்தனையோ ஏடுகளில் எத்தனையோ பேர் எழுதிக்கொண்டார்கள். அவற்றை நாம் வரலாறு என்று படிக்கிறோம்.

ஆகையால், மாணவ நண்பர்களே, இவ்வுரையின் பயனாக உங்களை ஒன்று வேண்டிக்கொள்கிறேன். உங்கள் வீட்டு முதியோரிடம், பஞ்ச காலத்தில் என்ன உண்டீர்கள் என்று ஒருநாள் உடன் அமர்ந்து கேளுங்கள். நின்றுகொண்டு கேட்காதீர்கள், அவர்கள் உண்ணும் கலத்தில் நீங்களும் ஒருபிடி உண்டுவிட்டுக் கேளுங்கள். சொல்லப்படும் பெயர்களை அவ்வாறே எழுதி வையுங்கள். நான் அந்தப் பழைய குறிப்பேட்டை இன்னும் வைத்திருக்கிறேன். ‘ஆட்டுத் தீவனம்’ என்ற சொற்களை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘கீரை’ என்று திருத்தி எழுதியிருக்கிறேன்.